அறுபத்திநாலு கிலோ மணல்

தம்பி, கயித்த அவுக்காதிய. ஐஸ் ஏத்தி முடியட்டும், அதுவரைக்கும் நான் சொல்லுததக் கேளுங்க, பொறவு முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுங்க. இந்த வரிசையில ஏழு போட்டுல கேட்டுட்டேன். மீன்துறை குடுக்குத டோக்கன்ல அஞ்சு பேருதான், ஆறாவது ஆள ஏத்துனா ஆபீஸ்ல புடிப்பாங்கன்னு ஆறு பேரு சொல்லிட்டாங்க. ஏழாவது ஆளு டோக்கனப் பத்திப் பேசவே இல்ல. கவுந்த ஆள ஏத்துனா மீனு படாதுன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டான். அவன நான் ஒண்ணும் குத்தஞ்சொல்லல. நானா இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

எம் பேரு சந்தியாகு. வேம்பாருக்கும் மூக்கையூருக்கும் நடுவுல சிலுவைத்துறை, கேள்விப்பட்டிருக்க மாட்டிய, மொத்தமே நூறு வீடு. எம் மச்சினன் தொம்மை, எம் பொஞ்சாதி சலேத்தோட கூடப்பொறந்த தம்பி, ஞாயித்துக்கெழம மத்தியானம் ஒரு பைபர் போட்ட எடுத்துக்கிட்டுத் தனியா கடலுக்குப் போனான். இன்னைக்குப் புதன். இன்னும் வரல. என்னத் தேடித்தான் போனான். நான் இந்தா உங்க முன்னால நிக்கேன். என்னக் கண்டுபிடிச்சாச்சுன்னு அவனுக்குத் தெரியாது. அதத்தான் தம்பி சொல்ல வாரேன். அவனுக்கு அது தெரியாது.

சர்க்கார் கப்பல் தேடுது, இல்லங்கல. எங்க ஊருப் போட்டும் பத்துப் பன்னெண்டு திங்கக்கெழம மத்தியானத்துலருந்து மறுபடியும் அலையுது. அதுல எதுலயும் என்ன ஏத்த மாட்டேங்காங்க. சலேத்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஏத்தியிருப்பாங்க. அவ சொல்லல. அதான் பஸ் ஏறி மண்டபத்துக்கு வந்துட்டேன். நேத்து விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாத நாளாம். இந்தச் செவத்துல சாஞ்சுக்கிட்டு நேத்துப் பூரா உங்க போட்டெல்லாம் சும்மா ஆடுததப் பாத்துக்கிட்டே கெடந்தேன்.

மொதல்லருந்து சொல்லுதேன். நாப்பது வருசம் நாங்க ரெண்டு பேரும் ஒரே வல்லம். எங்க ஊர்ல எல்லாரும் எஞ்சின் வச்சிருக்காங்க, எங்கிட்டப் பாய்மரம்தான். நான் பின்னால கடையால்ல உக்காந்து சுக்கான் புடிப்பேன், பாய்க்கயித்தயும் நான்தான் புடிப்பேன். அவன் பலகையில உக்காருவான். விசைப்படகுல அது கெடையாது, நீங்க பாத்திருக்க மாட்டிய. வல்லத்துக்குக் குறுக்க ரெண்டு பக்கமும் நீட்டிக்கிட்டு இருக்கும். காத்து எந்தப் பக்கத்துலருந்து அடிக்கோ அந்தப் பக்கத்துப் பலகையில ஒரு ஆளு போயி உக்காரணும். உக்காரலன்னா பாய் வல்லத்தச் சாச்சிரும். அவ்வளவுதான் அவன் வேல. உக்காருதது ஒரு வேலையா தம்பி? ஓட்டுதவன் நான். அவன் உக்காருவான், எந்திரிப்பான், அந்தப் பக்கம் போயி உக்காருவான். வாயத் தொறக்க மாட்டான். வருசத்துக்கு ஒரு வார்த்த பேசுவான், அந்த ஒரு வார்த்தையும் எனக்கு எதிராத்தான் இருக்கும்.

இந்த வருசத்து வார்த்தைய அசனத்துல வச்சுப் பேசினான். கோயில் அசனம், ஊரே பந்தியில உக்காந்திருக்கு. எதுத்தாப்புல இருந்த ஒரு பய, சந்தியாகு மாமா நெனச்சா வேளாங்கண்ணி வரைக்கும் பாயிலயே தனியா போயிருவாருன்னான். அவன் பெருமையாத்தான் சொன்னான். இவன் சோத்தப் பெசஞ்சுக்கிட்டே, தலைய நிமித்தாம, "அத்தான் தனியா போனா மூக்கையூரு தாண்ட மாட்டாரு" அப்படின்னான். பந்தியே சிரிச்சுது. பங்குச் சாமியாருக்குப் பொரையேறிப்போச்சு, சிரிச்சு. சலேத்து சட்டியும் கையுமா வெளம்பிக்கிட்டு வந்தவ, அவளும் சிரிச்சா தம்பி.

நான் எலைய மூடிட்டு எந்திரிச்சேன். இந்த வருசம் மாதா திருநாளுக்கு நான் தனியா வேளாங்கண்ணி போறேன், பாயிலயே போறேன், அஞ்சு நாளோ ஆறு நாளோ, ஒருத்தன் என் வல்லத்துல கால் வைக்கக்கூடாதுன்னேன். அப்ப எவனும் சிரிக்கல. தொம்மை மட்டும் நிமிந்து பாத்தான். அப்பவாச்சும் ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்ல மாட்டான்.

பலகைக்கு ஆளு வேணும்ல, அதுக்கு நான் ஒரு வழி வச்சிருந்தேன். ஏலக்கூடத்துத் தராசு இருக்குல்ல, அதுக்கு அவனக் கூட்டிட்டுப் போயி, ஏறி நில்லுடேன்னேன். எதுக்குன்னு கேக்கல. ஏறி நின்னான். அறுபத்திநாலு கிலோ. நாலு சிமிண்டுச் சாக்கு எடுத்து ஒவ்வொண்ணுலயும் பதினாறு கிலோ மணல் போட்டு நிரப்புனேன். ஆளுக்குப் பதிலா மணலு. எடைக்கு எடை, கூடவும் இல்ல கொறையவும் இல்ல. சாக்கு வாயத் தச்சது அவன்தான். எனக்குக் கோணூசி புடிச்சுப் பழக்கமில்ல, அவனே வந்து உக்காந்து நாலையும் தச்சிக் குடுத்துட்டுப் போனான். பாத்தியளாடே, உங்க தொம்மையச் சாக்குல கட்டி வச்சிருக்கேன், இது எதுத்தும் பேசாது, சோறும் கேக்காதுன்னு ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சேன். ஆமா தம்பி, சொன்னேன். இப்ப உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போவுது.

ஞாயித்துக்கெழம மொதப் பூச முடிஞ்சு கெளம்புனேன். எங்க பக்கம் ஞாயித்துக்கெழம யாரும் கடலுக்குப் போகக்கூடாது, கோயில் சட்டம். அன்னைக்கு எல்லாப் போட்டும் மணல்லதான் கெடக்கும், எஞ்சினக் கழத்தி வீட்டுக்குள்ள வச்சிருவாங்க. நான் போறது நேர்ச்சைக்கு, பொழப்புக்கு இல்லன்னு சாமியாரே வந்து தண்ணி தெளிச்சாரு. மால போட்டாங்க. சலேத்து கட்டுச்சோறு குடுத்தா, மூஞ்சியத்தான் பாக்கல. வல்லத்தத் தள்ளி விட்டாங்க. பாய் வெடச்சுது. நாலு வல்லத்து நீளம் போயிருப்பேன், பொறத்தாலருந்து "அத்தான்"னு ஒரு சத்தம்.

பொறத்தாலருந்து கூப்பிடலாமா? கடலுக்குப் போற ஆள, அதுவும் தனியா போற ஆள, பொறத்தாலருந்து கூப்பிடலாமா? கைக்கொழந்தைக்குக்கூடத் தெரியும் கூப்பிடக்கூடாதுன்னு. கழுத்தளவு தண்ணியில நின்னுக்கிட்டு "அத்தான், அத்தான், மூட்டைய"ன்னு கத்துதான். நான் திரும்பல. என் பயணத்தக் கெடுக்கணும்னே கூப்பிடுதான்னு நெனச்சேன். எனக்கு இப்பவும் அதுல ஒரு வருத்தம் இருக்கு. அவன் அப்படிக் கூப்பிட்டிருக்கக்கூடாது.

காலைக் காத்து கரைப்பக்கத்துலருந்து அடிச்சுது. நாலு மூட்டையும் எடது பலகையில, கரைப்பக்கம். வல்லம் சாயல, குலுங்கல. தீவு, தண்ணிக்கடியில கெடக்க பாறைப் பாரு எல்லாத்தையும் வெலக்கி நல்லா வெளிய போயி, அப்படியே கெழக்கே புடிச்சேன். நாப்பது வருசத்துல அப்படி ஒரு ஓட்டம் நான் ஓட்டுனதில்ல தம்பி. எதுத்தாப்புல ஒரு மூஞ்சி இல்ல, நான் மட்டும்தான். பாடிக்கிட்டே போனேன். பதினோரு மணி இருக்கும், மூக்கையூரு கோயில் மணிக்கூண்டு பின்னால போயிட்டு. தாண்டிட்டேன். எந்திரிச்சு நின்னு, தாண்டிட்டேம்ல தொம்மைன்னு கத்துனேன். மூக்கையூரு தாண்டித்தான் கவுந்தேன், அத நீங்க ஞாபகம் வச்சிக்கிடணும். யாரு கேட்டாலும் அதச் சொல்லணும்.

உச்சிக்குக் காத்து மாறும், உங்களுக்கே தெரியும். கரைக்காத்து செத்துப்போயி கடல்காத்து எந்திரிக்கும். அதுவும் எனக்குத் தெரியாததா? பாய் லேசாத் தொங்குச்சு, அந்தால வலது காதுல காத்து பட்டுச்சு. பட்டதும் சுக்கான ஒரு மடக்கு மடக்கி, பாய் கட்டுன கம்பு, பருமல, அதத் தூக்கி அந்தப் பக்கம் போட்டு, பாய மாத்துனேன். என்ன அழகா மாறிச்சு தெரியுமா. ஒத்த ஆளு அப்படி மாத்தி நீங்க பாத்திருக்க மாட்டிய. பாய் பட்டுன்னு நெறஞ்சுது. நாப்பது வருசமா நான் பாய மாத்துன கையோட வல்லம் ஒருவாட்டி குலுங்கி நேராயிரும். அந்தக் குலுக்கலுக்காக ஒரு நொடி உக்காந்திருந்தேன்.

குலுங்கல. மூட்ட எடது பலகையிலயே இருக்கு.

நான் சொல்லாமலே எந்திரிச்சு அந்தப் பக்கம் போறதுக்கு அது தொம்மையா? நாப்பது வருசத்துல மாறி உக்காருன்னு நான் ஒருதடவ சொன்னதில்ல. சொல்ல வேண்டி வந்ததே இல்ல. சாக்குல மணல்தான இருக்கு. பாயும் எடது பக்கம், அறுபத்திநாலு கிலோவும் எடது பக்கம். கண்ண மூடித் தொறக்குததுக்குள்ள நான் தண்ணிக்குள்ள. சோத்துப்பானை, தண்ணிக்கேனு, மாதாவுக்குக் கட்டி வச்ச மெழுகுவத்தி, போனு, எல்லாம் போச்சு.

நிமித்தப் பாத்தேன். தனி ஆளு நிமித்த முடியாது தம்பி. ஒருத்தன் அமுக்கணும், ஒருத்தன் தூக்கணும். ஏறி அடிவயித்துல படுத்துக்கிட்டேன். வல்லத்தோட அடிவயித்துலதான். மேல வெயிலு, கீழ மரம் தோலக் கிழிக்குது. ஒவ்வொரு அலைக்கும் வழுக்கி உள்ள போவேன், திரும்ப ஏறுவேன். பத்து தடவைக்கு மேல எண்ணல. கையில பாருங்க, நகம் நாலு இல்ல. தூரத்துல ஒரு கப்பல் போச்சு, திரும்பிக்கூடப் பாக்கல. நான் செத்துப்போவேன்னு தெரிஞ்சுபோச்சு. பயந்தேன், பயந்து அழுதேன், அறுபத்தோரு வயசுல மூக்கு ஒழுக அழுதேன். நேர்ச்சைக்குப் போன ஆளு, மாதாவத்தான் கூப்பிட்டிருக்கணும். மாதாவக் கூப்பிடல. தொம்மை, தொம்மைன்னுதான் கூப்பிட்டேன்.

அவன் அன்னைக்குக் காலையிலருந்து கோயில் மணிக்கூண்டுலதான் நின்னானாம். பொறவு சொன்னாங்க. கஞ்சிக்குக்கூட எறங்கலயாம். அங்கருந்து பாத்தா என் பாய் ஒரு பொட்டு அளவுக்குத் தெரிஞ்சிருக்கும். அது திடீர்னு இல்லன்னதும் மணிய இழுத்து அடிச்சிருக்கான். ஊரு தெரண்டு என்ன ஏதுன்னு கேக்க வாரதுக்குள்ள எறங்கி ஓடி, எவன் போட்டுல எஞ்சின் மாட்டிக் கெடந்துச்சோ அதத் தள்ளிட்டுப் போயிட்டான். அரக் கேன் எண்ணெ. கூட ஒரு ஆள ஏத்திக்கிடல. மத்தவங்க எஞ்சின் தூக்கிட்டு வந்து மாட்டிக் கெளம்ப ஒரு மணி நேரம் ஆயிருக்கு.

என்ன ஏத்துனது கீழக்கரைக்காரங்க. சங்கு குளிக்கிற போட்டு, திரும்பி வரும்போது பாத்துட்டாங்க. அஞ்சு, அஞ்சே கால் இருக்கும். வல்லத்தக் கட்டி இழுக்கணும்னேன். இருட்டுததுக்குள்ள கரைக்குப் போகணும், உயிரோட இருக்கியல்ல, அதுபோதும், விட்டுட்டு ஏறும்னாங்க. ஏறுனேன். சுடத் தண்ணி குடுத்தாங்க. ஒரு பையன் போன எடுத்து நீட்டி, வீட்டு நம்பரச் சொல்லுங்க வாப்பா, சொல்லிருவோம்னான்.

இங்கதான் தம்பி. இத இதுவரைக்கும் யாருகிட்டயும் சொல்லல. சலேத்துகிட்ட சொல்லல, போலீசு எழுதும்போது சொல்லல. நம்பர் மறந்துபோச்சுன்னு சொன்னேன்.

மறக்கல. பத்து நம்பரும் நாக்கு நுனியில நின்னுச்சு. மொத நாளே கவுந்துட்டேன்னு எப்படித் தம்பி சொல்லுவேன்? மாலை போட்டு அனுப்புன ஊரு. பொழுது அடையல, அதுக்குள்ள எவன் போட்டுலயோ ஏறி வாரேன்னு எப்படிச் சொல்லுவேன்? தொம்மை தலைய நிமித்தாமச் சோத்தப் பெசஞ்சுக்கிட்டு இருப்பான், அதுதான் என் கண்ணு முன்னால நின்னுச்சு. ஒரு ராத்திரி போகட்டும், காலையில ஏதாவது யோசிச்சு, சுறா இடிச்சுதுன்னு சொல்லிக்கிடலாம்னு நெனச்சேன். அவன் எனக்காகக் கடல்ல நிக்கான்னு நான் என்னத்தக் கண்டேன்? கரைக்கு வந்ததும் மயக்கமாயிட்டு, ஆஸ்பத்திரியில சேத்தாங்க. திங்கக்கெழம காலையில எட்டு மணிக்குத்தான் சலேத்துக்கு நம்பர் போட்டேன்.

அவ என்ன கேட்டா தெரியுமா? நான் அலோன்னதும், "தொம்மை கூட இருக்கானா?"ன்னா.

முந்தின நாளு சாயங்காலம் ஆறு மணிக்கு அவன் போன் பண்ணியிருக்கான். அவ்வளவு தூரத்துல எப்படி டவர் கெடச்சுதோ, கெடச்சிருக்கு. "அக்கா, வல்லத்தப் பாத்துட்டேன். அத்தானக் காணோம். இங்கனதான் எங்கனயாச்சும் இருப்பாரு. கூட்டிட்டுத்தான் வருவேன்." அவ்வளவுதான் பேசியிருக்கான். ஆறு மணிக்கு தம்பி. நான் அஞ்சரைக்குக் கையில போன வாங்கிக்கிட்டு மறந்துபோச்சுன்னு சொல்லிட்டு உக்காந்திருக்கேன். ஒரு வார்த்த சொல்லியிருந்தா சலேத்து அவனுக்குச் சொல்லியிருப்பா, அவன் போட்டத் திருப்பியிருப்பான், ஏழரைக்குச் சோறு தின்னுக்கிட்டு இருந்திருப்பான். திங்கக்கெழம நான் பேசுனதும், சந்தியாகு கெடச்சாச்சுன்னு தேடிப்போன போட்டெல்லாம் கரைக்கு வந்துட்டு. தொம்மையும் தானா வந்துருவான்னு மத்தியானம் வரைக்கும் பாத்திருக்காங்க. அவனுக்கு யாரு சொல்ல? போன் போகல. எண்ணெ தீந்திருக்கும். தீந்தாலும் அவன் திரும்ப மாட்டான், துடுப்புப் போட்டுத் தேடுவான். கூட்டிட்டுத்தான் வருவேன்னு சொன்னா கூட்டிட்டுத்தான் வருவான், அவன் அப்படிப்பட்ட கழுத. இந்த நேரத்துலயும் எங்கனயோ தண்ணியில நின்னுக்கிட்டு என்னத் தேடுதான் தம்பி. நான் இங்க டீ குடிச்சிட்டு நிக்கேன்.

அதனால என்ன ஏத்திக்கிடுங்க. வேலை செய்வேன். வல இழுப்பேன், மீனு பொறுக்குவேன், சமைக்கச் சொன்னா சமைப்பேன். ஆபீஸ்ல கேட்டா எங்க சமையக்காரருன்னு சொல்லுங்க. நான் முன்னால அணியத்துல நின்னு பாத்துக்கிட்டே வாரேன். என்னக் கண்ணால பாத்தாத்தான் அவன் திரும்புவான்.

என்ன சொன்னிய? ஏத்துதியளா? நெசமாத்தான் சொல்லுதியளா தம்பி? நீங்க நல்லா இருப்பிய. உங்க பிள்ளையள மாதா காப்பாத்துவா. இந்தா ஏறிட்டேன். ஓரமா உக்காந்துக்கிடுதேன்.

எந்தப் பக்கம் போகணும்னா? அது சொல்லிரலாம் தம்பி, அதுக்குத்தான நான் வந்திருக்கேன். வல்லத்த நேத்து ஏர்வாடிக்குத் தெக்க எடுத்திருக்காங்க. நீவாடு, கடலோட்டம், கெழக்க இழுக்குது, அதனால கெழக்க... ஆமா, அது வல்லத்துக்கு. அது சும்மா மெதந்து போற பொருளு. அவன் போட்டுல எஞ்சின் ஓடுன வரைக்கும் அவன் தேடியிருப்பான்ல. எண்ணெ தீருதவரைக்கும் அவன் எந்தப் பக்கம் தேடியிருப்பான்னு கேக்கிய. அந்தப் பக்கமே வலயப் போடுதேங்கிய. கேக்க வேண்டிய கேள்விதான்.

கரைக்கு நீந்துவேன்னு நெனச்சா வடக்க போயிருப்பான். ஆனா நான் கரைக்கு நீந்த மாட்டேன்னு அவனுக்குத் தெரியும், அவ்வளவு பேரு முன்னால திரும்ப மாட்டேன்னு தெரியும். அப்ப கெழக்க, வேளாங்கண்ணிப் பக்கமா. இல்ல இருங்க. எனக்கு வலது தோள் சரியா தூக்க வராது, தண்ணியில விட்டா வலது பக்கமாவே சுத்துவேன், அதுவும் அவனுக்குத் தெரியும். அப்படிப் பாத்தா தெக்க. தெக்க போனா எலங்கைப் பக்கம் தம்பி. அந்தப் பக்கமா போவான்? போகலாம். போகாமலும் இருக்கலாம்.

நான் என்ன செய்வேன்னு அவனுக்குத் தெரியும். பலகையில என்னப் பாத்துதான உக்காந்திருப்பான், நாப்பது வருசம் என் மூஞ்சியத்தான பாத்துக்கிட்டு வந்தான். நான் பாயப் பாத்துக்கிட்டு வந்தேன். எந்தப் பக்கம் போலாம்டேன்னு ஒருநாளு அவங்கிட்டக் கேட்டதில்ல. அவன் ஒரு காரியத்த எப்படி நெனப்பான், வலமா, எடமா, ஒண்ணுமே எனக்குத் தெரியல தம்பி.

இல்ல, எறக்கி விட்டுறாதிய. எஞ்சினக் கொஞ்சம் அணைங்க, இந்தச் சத்தத்துல மண்டையில ஒண்ணும் ஓட மாட்டேங்குது. சொல்லுதேன். நான் சொல்லிருதேன். ஒரு நிமிசம் குடுங்க.